ஃபான்ட்டை மட்டும் அழித்தேன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை விற்கப் போகிறோம் என்றதும் முதலில் வந்து கேட்டவர் சர்ச் கொயர் மாஸ்டர்தான். லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியும் பாட்டுத் தாள்களைக் கையால் எழுதித்தான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். இனிமேல் தமிழில் டைப் பண்ணிவிடலாம் என்று அவருக்கு ஆசை.

என் மனைவிக்கு ஏக சந்தோஷம். காரணம் கம்ப்யூட்டர் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸில் ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தை அவள் தனியாகப் பாட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தக் கொயரில் நிற்கிறவள். சோலோ என்று ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை. சமையலறையில், பாத்ரூமில், ஸ்கூட்டர் பின்சீட்டில் என்று எங்கேயும் இரண்டாம் சரணம்தான்.

சந்தோஷப்பட முடியாதவன் நான் மட்டும்தான். ஆபீஸில் என் ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை என்பதால் வீட்டில் உட்கார்ந்து கொயரைக் கிண்டலாக எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேதான். மாஸ்டர் கை வீசுவதைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். ஓடுகிற பஸ்ஸை மறிக்கிற மாதிரி கை காட்டுகிறார், பஸ்ஸும் நிற்பதில்லை, பாட்டும் நிற்பதில்லை என்று அதில் ஓர் இடம் வரும்.

அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்த ஒரே வாசகி என் மனைவி. இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மொதல்ல அதையெல்லாம் அழிங்க. அவரு கண்ணுல பட்டுச்சுன்னா என் சோலோ போச்சு" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். வேலை மாறுவதற்காகத் தயாரித்த பயோடேட்டாக்கள், பேங்க்குக்குக் கெஞ்சி எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கடைசியில் கொயர் ஃபைல்கள். போகிற உயிரை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று ஒன்றைத் திறந்தேன். சிரித்துவிட்டேன். இன்னொன்றைத் திறந்தேன். மூன்றாவதைப் படித்து முடிக்கும்போது எனக்கு நானே ரசிகனாகியிருந்தேன். பிளாப்பி டிரைவோ எப்போதோ செத்துப்போயிருந்தது. வேறு எதிலும் ஏற்றிக்கொள்ள வழியில்லை. இப்பேர்ப்பட்ட இலக்கியத்தை எந்தக் கையால் கொல்வது?

அப்போதுதான் யோசனை உதித்தது. அந்தக் காலத்தில் தமிழில் டைப் பண்ண, தமிழ் ஃபான்ட் ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டரில் தமிழெல்லாம் தொப்பி வைத்த ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். ஆகவே ஃபைல்களை விட்டுவிட்டு, ஃபான்ட்டை மட்டும் அழித்தேன். திறந்து பார்த்தால், எழுதிய எனக்கே ஒரு மண்ணும் புரியவில்லை. பிறகொரு நாள் மாஸ்டருக்கு உதவி செய்கிற சாக்கில் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம்.

மனைவி கேட்டதற்கு, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது என்று சொன்னேன். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போய் ஒப்படைத்தேன்.

தமிழில் டைப் பண்ணுவதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்குகிற மனிதர், முதல் வேலையாகத் தமிழ் ஃபான்ட்டைத்தானே போடுவார்? இந்த அளவுக்கு யோசிக்கிற மூளை இருந்தால் நான் ஏன் பேங்க்குக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதப் போகிறேன்? போதாததற்கு, அந்த ஃபான்ட் சிடியை நான் இரவல் வாங்கியதே சர்ச் ஆபீஸில்தான். ஃபைல்களுக்கு நான் வைத்த பெயர் கொயர் ஒன்று, கொயர் இரண்டு. பாட்டுத் தாள் ஏதோ இருக்கிறது என்று நினைத்து அவர் சந்தோஷமாகத் திறந்திருக்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் மனைவியைக் கூட்டி வரப் பிராக்டீஸுக்குப் போனேன். மாஸ்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு தாளைப் பிரித்து, சர்ச் அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இன்றுவரை நான் கிண்டலாக எதுவும் எழுதியதில்லை.

ஆண்களைப் பற்றிய இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். பெண்களைப் பற்றிய இடத்தில் ஆண்கள் சிரித்தார்கள். பஸ் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அதை நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"பாட்டு நிக்கறதில்லன்னு எழுதிருக்கீங்க பிரதர், அது நெஜம்தான். நானும் எத்தனையோ வருஷமா இவங்கள நிறுத்திப் பாக்கறேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், மனைவியைத் தவிர. அவள் எழுந்து நின்றாள்.

"மாஸ்டர், ரெண்டாவது சரணம்?"

"அது ஒங்களுக்குத்தான் சிஸ்டர். எழுதினது நீங்க இல்லியே. எழுதினவரு பேஸ்ல வந்து நிக்கட்டும்."

பேஸ் என்றால் அடித்தொண்டையில் பாடுகிற ஆண்கள் வரிசை. எனக்குப் பாட வராது என்றேன்.

"தெரியும். ஒங்க முன்னாடி பெஞ்சுலதான் என் வீட்டுக்காரி உக்கார்றா. வாய மட்டும் ஸ்வல்ப அசைங்க, போதும். சத்தம் வேணாம்."

கேரல் சர்வீஸ் அன்று கடன் வாங்கிய சிவப்பு டையோடு போய் நின்றேன். முதல் சரணம் முழுக்கச் சத்தமில்லாமல் அபாரமாகப் பாடினேன். இரண்டாம் சரணத்துக்கு மாஸ்டர் இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டார். மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் நடுங்கியது. அடுத்த வரியில் அது எழும்பி, கடைசி பெஞ்சைத் தாண்டி வெளியே ரோடு வரைக்கும் போயிருக்கும். பின்சீட்டில் அத்தனை நாள் கேட்டது அதே பாட்டுதான் என்று நம்ப முடியவில்லை.

பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்தார்.

"இது சோலோ பிரதர். வாய மூடிக்கோங்க."