சயந்தனுக்குச் செய்த வயர்

ஒரு மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அருட்செல்வன் ஈயம் உருக்குகிறார். பெருவிரல் நகத்தளவு செருகியில் எட்டு முனைகள். ஒவ்வொன்றிலும் கம்பியைப் பற்றவைக்கும்போது ஜெர்மனில் எண்ணுவார். தமிழில் எண்ணினால் கை நடுங்குமாம், யார் கண்டது!

சோலோதுர்ன் என்ற சுவிஸ் நகரில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் அமெச்சூர் ரேடியோப் பைத்தியம், வீட்டுப் பெட்டியிலிருந்தே உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு. ரேடியோப் பெட்டியைக் கணினியோடு இணைக்கும் வயர்களைக் கூட்டாளிகளுக்குச் செய்து கொடுப்பார். கடையில் வாங்கலாமே என்றால் முகம் சுருங்கும். "கடை வயருக்கு ஆரின்ர ரேடியோ எண்டு தெரியுமோ?" என்பார்.

அந்தக் கர்வம்தான் அவரைக் கவிழ்த்தது. துன் நகரத்துச் சயந்தன் இருபது வருடக் கூட்டாளி. தொண்டைப் புற்றுநோய் குரலைக் கொண்டுபோய்விட்டது, மருத்துவர்களும் கைவிரித்துவிட்டார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு ரேடியோவில் கூடும் வெளிநாட்டுச் சிநேகிதர்கள் அவரை முகம் பார்த்தவர்கள் அல்லர். அவர்களிடம் விடைபெற வேண்டும், கணினியில் தட்டுவதை ரேடியோ அனுப்ப ஒரு வயர் செய்து தா என்று எழுதிக் காட்டியிருந்தார்.

போன ஞாயிறு மூன்றுக்குச் சற்று முன் அருட்செல்வன் வயரைப் பொருத்தினார். சயந்தன் கண்ணயர்ந்திருந்தார். லேசாகக் கருகல் வாடை வந்தது. எந்த முனைக்கு எந்தக் கம்பி என்று காட்டும் படம், செருகியை முன்பக்கமிருந்து பார்த்து வரைந்தது. இவரோ பின்பக்கம் என்று எண்ணிப் பற்றவைத்திருந்தார். இடம் வலமாகி, ரேடியோவின் அனுப்பும் பகுதி எரிந்துபோயிற்று. கேட்கும் பகுதி மட்டும் உயிரோடு இருந்தது. தன் பெட்டியை எடுத்துவர சோலோதுர்ன் போய்த் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும்.

சயந்தன் கண்விழிக்க, மனைவி லக்சனா அவரது தலையணையை உயர்த்திவிட்டாள். "இவருக்கு இப்ப நாளுக்குப் பத்து நிமிசம்தான் முழிப்பு அண்ணை. நாளைக்கு அதுவும் இருக்குமோ தெரியாது. எல்லாம் சரியோ?"

"ஓம். சரி."

திரையில் சிநேகிதர்கள் சயந்தனைக் கூப்பிடும் எழுத்துகள் வரிவரியாக வந்தன. அவர் சிரித்தார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். எழுத்து வெளியே போனால் பெட்டி முகப்பிலுள்ள முள் எழும்ப வேண்டும். முள் படுத்தே கிடந்தது. அருட்செல்வன் கட்டிலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பெட்டி ஆடாமல் பிடிப்பவர் போல உள்ளங்கையை வைத்து அந்த முள்ளை மூடினார்.