ஏகமனதாக என்று எழுதிய தீர்மானம்

கிராமசபைக் கூட்டத்துக்கு முதல் நாளே தீர்மானத்தை எழுதி வைத்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. விருத்தாசலத்தை ஒட்டிய எங்கள் ஊராட்சியில் நான் செயலராகப் பல வருஷம் அப்படித்தான் நடத்தினேன். ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, கூட்டம் கலையும்போது புத்தகத்தை நீட்டுவேன். யாரும் படித்ததில்லை, படிக்கும்படி நானும் எழுதியதில்லை. ரேஷன் கடைக்கு இடம் முடிவுசெய்த கூட்டத்தில் மட்டும் அந்தப் பக்கத்தை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கச் சொன்னார் எங்கள் எம்.எல்.ஏ.

ஊராட்சிகளுக்கு அதிகாரம் வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்கள் ஊருக்குப் பதில் சொல்லவும் வேண்டும் என்று சட்டமன்றத்தில் விடாமல் பேசியவர் அவர். இதற்காக அதிகாரிகளோடும் சொந்தக் கட்சிக்காரர்களோடும் மல்லுக்கு நின்றவர். “ஊரு விஷயத்த ஊரே முடிவு பண்ணட்டுங்க” என்பது எப்போதும் அவர் வாயில் இருக்கும். அப்படிப்பட்டவர், தன் தொகுதி நிதியில் எங்களுக்குத் தரும் ரேஷன் கடைக் கட்டடம் கடைத்தெருவிலேயே வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருக்காகத் தேர்தலில் ஓடியாடியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்கு வாக்கும் கொடுத்திருந்தார். அந்த ஆசை என் காதுக்கு வந்ததுமே தீர்மானமாகிவிட்டது.

படித்து முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு.

“நாங்க எப்பங்க கை தூக்குனோம்? ரேஷனுக்காக லைனத் தாண்டி வந்து நின்னா அன்னைக்கு எங்களுக்கு வேல போச்சு. கடைய எங்க பக்கம் கட்டுங்க.”

கூட்டம் சலசலத்தது. எம்.எல்.ஏ. என் பக்கம் திரும்பினார். “இத யாரு எழுதச் சொன்னாங்க?” என்றார். “உங்க விருப்பம்னு சொன்னாங்க சார்” என்றேன். அவர் முகம் கறுத்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ புத்தகத்தைக் காட்டி, “அடிச்சிடுங்க. இப்ப கைய எண்ணுங்க” என்றார்.

எண்ணினேன். காலனிப் பக்கமே அதிகக் கைகள். “எம்.எல்.ஏ. கேட்ட இடம் தோத்துப்போச்சுன்னும் எழுதுங்க” என்று பக்கத்தில் நின்று எழுத வைத்தார். பெருந்தன்மையாகச் செய்தார் என்று சொன்னால் பொய். கடுகடுவென்றுதான் செய்தார். கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் காரில் ஏறிவிட்டார். மனம் ஒப்பாமலேயே சரியானதைச் செய்த ஒரு மனிதரை அன்றுதான் நான் பக்கத்தில் பார்த்தேன். அதற்குப்பின் எந்தத் தீர்மானத்தையும் முன்கூட்டி எழுத எனக்குக் கை வரவில்லை.

கடை காலனியில் வந்தது. கடைத்தெருக்காரர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலும் சொல்வாக்கு உள்ளவர்கள்; அடுத்த தேர்தலில் அவரைக் கைவிட்டார்கள். தோற்றுப்போனார். அதன்பிறகு யாரும் அவரை நிற்க வைக்கவில்லை.

போன மாதம் காலனியில் ஒரு கல்யாணம். அவரும் வந்திருந்தார், நன்றாகத் தளர்ந்திருந்தார். பந்தியில் எனக்கும் அவருக்கும் எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மா கேட்டேவிட்டார்.

“அன்னைக்கு நாங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களா சார்?”

“ஜெயிச்சிருப்பேம்மா.”

“வருத்தம் இருக்குதா?”

“இருக்குது” என்றார், மறைக்காமல்.

“எங்களுக்கும் இருக்குது சார்” என்றார் அந்த அம்மா. “ஆனா கடைய வுட்டுத் தர மாட்டோம்.”

அவர் இலையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.