அடிக்கு இவ்வளவு

என் வீட்டுக்காரர் தையல்காரர். தெருவுல அவருக்கு 'டேப்பு'ன்னுதான் பேரு. கழுத்துல டேப் இல்லாம அவரை யாரும் பார்த்ததில்ல. குளிச்சுட்டு வந்தா துண்டைத் தேடறதுக்கு முன்னாடி டேப்பைத் தேடுற மனுஷன். ஆளைப் பார்த்த மாத்திரத்துல இடுப்பளவு சொல்லிடுவார், அதுவும் யாரும் கேட்காமலே. "போன தடவைக்கு இப்போ கொஞ்சம் ஏறிட்டீங்க போலிருக்கே"ன்னு எதிர் வீட்டம்மாகிட்டச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கார். ஆனா ஒண்ணு, அவர் தைச்ச துணி அளவு தப்பாயிடுச்சுன்னு யாரும் திரும்பி வந்ததில்ல. அந்தப் பெருமையிலதான் மனுஷன் மூச்சே விட்டுட்டிருந்தார்.

வீடு கட்டினோம். கட்டினோம்னா சுவரும் கூரையும் வரைக்கும். கேட்டுல இருந்து போர்ட்டிகோ வரைக்கும் வெறும் மண்ணு, மழை பேஞ்சா சேறு. பொண்ணைக் குடுத்த இடத்துல கார் இருக்கு. போன மழையில சம்பந்தி காரை உள்ள விட, பாதியில சக்கரம் புதைஞ்சு, அவரே இறங்கித் தள்ள வேண்டியதாப் போச்சு. வெள்ளைப் பேண்ட் முழங்கால் வரைக்கும் சேறு. கடைசியில யாரோ தைக்கக் குடுத்திருந்த பேண்டை மாட்டி, காலை மடிச்சு விட்டுக்கிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். என் பொண்ணு எங்க மூஞ்சியைப் பார்க்காம, தரையைப் பார்த்துட்டே கார்ல ஏறினா. இவருக்குத் தாங்கல. "அடுத்த தடவை போர்ட்டிகோவுலதான் வந்து இறங்குவீங்க சம்பந்தி, அது என் பொறுப்பு"ன்னு வாக்குக் குடுத்துட்டார்.

கான்கிரீட் போடுற மேஸ்திரி வந்தான். எங்க தம்பி வயசு இருக்கும், சிரிச்ச முகம். இடத்தைச் சுத்திப் பார்த்துட்டு, "அடிக்கு இவ்வளவுண்ணே"ன்னு ஒரு விலை சொன்னான். "அகலம் பத்தடி வெச்சுக்கலாம். கார் கதவைத் திறந்து இறங்கணுமில்ல?"

"அகலம் உன் இஷ்டம்பா"ன்னுட்டார் இவர்.

இங்கதான் வினையே. துணிக்கடையில நீளத்துக்குத்தான் காசு. அகலம் துணியோடயே வரும், அதுக்குத் தனியா யாரும் பணம் கேட்கமாட்டாங்க. மனுஷன் வாழ்நாள் பூரா அப்படித்தான் துணி வாங்கியிருக்கார். குனிஞ்சு தையல் டேப்பாலயே கேட்டுல இருந்து படி வரைக்கும் நீளத்தை அளந்தார், மேஸ்திரி சொன்ன விலையால பெருக்கினார், நிமிர்ந்தார். மூஞ்சி முழுக்க வெளிச்சம்.

"என்னங்க, இவ்வளவு மலிவா இருக்கு? நல்லாக் கேட்டுக்குங்க"ன்னேன்.

"உனக்கென்னடி தெரியும்? அளவுல என்னை ஒருத்தன் ஏமாத்திட முடியுமா?"

சரின்னு வாயை மூடிக்கிட்டேன். அவர் மூடினாரா? "இதுக்குப் போய் லோன் போடணும்னியே, மச்சான்"னு என் தம்பிக்கு போன் போட்டுக் கிண்டல். அடுத்து சம்பந்திக்கு போன். துணி குடுக்க வர்றவங்க, வாங்க வர்றவங்க, எல்லார்கிட்டயும் ஒரே தம்பட்டம்.

வேலை ஆரம்பிச்சுது. மேஸ்திரி ஆளுங்க மண்ணை வெட்டி எடுத்தாங்க. ஜல்லி கொட்டி இடிச்சாங்க. தண்ணி தெருப் பக்கம் வடியணும்னு வாட்டம் பார்த்தாங்க, ரெண்டு ஓரத்துலயும் பலகை அடிச்சுக் கம்பி வலை விரிச்சாங்க. அப்புறம் மேஸ்திரி வந்து தலையைச் சொறிஞ்சுட்டே நின்னான். "கான்கிரீட்டுக்குச் சொல்லணும்ணே. பாதிப் பணம் குடுத்தீங்கன்னா..."

அவன் கேட்ட பாதி, இவர் மனசுல போட்டிருந்த முழுசைப் போல அஞ்சு மடங்கு.

என் வீட்டுக்காரர் மூஞ்சி செவந்துச்சு. "யார் காதுல பூ சுத்தற? பேசினது ஒண்ணு, இப்போ கேக்கறது ஒண்ணா?"

"இல்லண்ணே, அடின்னா சதுர அடி. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கணுமில்ல?"

"எனக்கே அளவு சொல்லித் தர்றியா? டேப் புடிச்சு நரைச்ச தலைடா இது! திருட்டுப் பயலே!"

தெருவே வந்து நின்னுடுச்சு. எதிர் வீட்டம்மா மாடியில இருந்து எட்டிப் பார்த்தாங்க. மேஸ்திரி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயிட்டான். மண்வெட்டியும் பாண்டுச் சட்டியும் போட்டது போட்டபடி கெடந்துச்சு. வாசல்ல பள்ளம்.

நான் அவரை உள்ள இழுத்துட்டுப் போனேன். துணி வெட்டுற மேசை மேல அவரோட சாக்பீஸாலயே கோடு போட்டேன். "இது ஒரு அடி நீளம்னு வெச்சுக்குங்க. அகலம் பத்தடி. இதைக் கட்டம் கட்டமாப் பிரிச்சா எத்தனை கட்டம்? எண்ணுங்க."

விரலை வெச்சு எண்ணினார்.

"ஒவ்வொரு கட்டத்துலயும் மண்ணு எடுக்கணும், ஜல்லி போடணும், கம்பி போடணும், கார் ஏறினாலும் தாங்குற கனத்துக்குக் கான்கிரீட் போடணும். நீங்க ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் காசு வெச்சிருக்கீங்க."

அப்புறம் உள்ளங்கையால அந்தக் கோட்டை அழிச்சார். அழிஞ்ச பிறகும் அழிச்சுட்டே இருந்தார். அன்னிக்குச் சாப்பிட வரல.

"போய் மன்னிப்புக் கேளுங்க"ன்னேன். போறேன் போறேன்னார், போகல. வாசப்பக்கமே வர்றதில்ல, வெளிய போகணும்னா பின்கதவு வழியாத்தான். இதுக்குள்ள எதிர் வீட்டம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நாங்களும் அதே மேஸ்திரியைத்தான் சொல்லி வெச்சிருந்தோம். நல்லவேளை, உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் கத்தினாரு. வேண்டாம்னுட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வந்து இவர்கிட்டச் சொன்னேன். "அந்தப் பையன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க. தப்பு உங்க மேலன்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

கழுத்து டேப்பை விரல்ல சுத்திக்கிட்டே கேட்டார். "தெருவுல நின்னு எனக்கு அளவு தெரியலைன்னு சொன்னா, நாளைக்கு எவ என்னை நம்பித் துணி குடுப்பா?"

அவர் சொன்னதும் நிஜம்தான். எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடுறது அந்த டேப்தான்.

மேஸ்திரி தன் சாமானை எடுத்துட்டுப் போக வந்தான். கேட்டுச் சத்தம் கேட்டதுமே உள்ள ஓடிட்டிருந்த தையல் மெஷின் நின்னுச்சு. இவர் கதவுக்குப் பின்னால ஒதுங்கிக்கிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டறார். "நான் இல்லைன்னு சொல்லு!"

வாசலுக்குப் போனேன். "அண்ணன் இருக்காரா அக்கா?"

"இல்லப்பா."

அவன் மண்வெட்டியை எடுத்துத் தோள்ல வெச்சான். "மெஷின் ஓடிட்டிருந்துச்சே..."ன்னான். கோபமாச் சொல்லல. அதுதான் என்னால தாங்க முடியல. சீ, என்ன பொழப்பு இது!

"உள்ளதான்பா இருக்காரு! இல்லைன்னு சொல்லச் சொன்னாரு!" தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திட்டேன்.

அப்புறம் கதவு திறந்துச்சு. கழுத்துல டேப்போட வெளிய வந்தார். மேஸ்திரியை நிமிர்ந்து பார்க்கல. பள்ளத்துல இறங்கி, கம்பி தடுக்கித் தடுமாறி, தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக் கேட்டுல போய் நின்னார்.

"அம்மா! கொஞ்சம் வெளிய வாங்க!"

அந்தம்மா வந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களும் எட்டிப் பார்த்தாங்க.

"மேஸ்திரி சொன்ன கணக்குதான் சரி. நான் நீளத்தை மட்டும் பார்த்துட்டு அகலத்தை விட்டுட்டேன். எனக்குத்தான் அளவு தெரியல. உங்க வேலையை அவனுக்கே குடுங்க."

அந்தம்மா முதல்ல முழிச்சாங்க. அப்புறம் அடக்க முடியாம சிரிச்சுட்டாங்க. "நான் குடுத்த துணிக்காவது ரெண்டையும் அளப்பீங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. இவர் அந்தச் சிரிப்பு முடியற வரைக்கும் தலையைக் குனிஞ்சு அங்கேயே நின்னார். எனக்குத்தான் ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்துடலாமான்னு இருந்துச்சு. போகல.

மேஸ்திரி மண்வெட்டியைக் கீழ வெச்சுட்டான். "முழுசா வேண்டாம்கா. சக்கரம் ஓடுறதுக்கு ரெண்டு பட்டை மட்டும் போட்டுடலாம், செலவு பாதிக்குக் கீழ வந்துடும்"ன்னான். அதுக்கும் கையில இருந்தது பத்தல. கிண்டல் பண்ணினாரே, அதே மச்சான்கிட்டதான் போய்க் கை நீட்டினார். அவன் ஒரு வார்த்தை கேட்காம எடுத்துக் குடுத்தான். அது இவருக்கு இன்னும் வலிச்சுது.

வேலை முடிஞ்சு, அடுத்த தடவை வந்தப்போ சம்பந்தி கார் பட்டை மேலயே ஏறி நேரா போர்ட்டிகோவுல வந்து நின்னுச்சு. "நடுவுல மட்டும் ஏன் மண்ணா விட்டுட்டீங்க?"ன்னு கேட்டார். "அகலத்தை மறந்துட்டேன் சம்பந்தி"ன்னு இவரே சொல்லிட்டார். என் பொண்ணு இந்தத் தடவை தரையைப் பார்க்கல, அப்பாவைப் பார்த்தா.

எதிர் வீட்டு வேலை ஆரம்பிச்ச அன்னிக்கு இவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். ஒரு சட்டைத் துணி எடுத்து வெச்சிருந்தார். வேண்டாம் வேண்டாம்னவனை மேசைக்கு முன்னால நிக்க வெச்சார். தோளளவு, கையளவு எடுத்தாச்சு. மார்பளவு எடுக்கணும்னா ஆளைக் கட்டிப் புடிச்ச மாதிரிதான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கொண்டுபோகணும். கொண்டுபோனார்.

"அண்ணே, அகலத்தை விட்டுடாதீங்க"ன்னு அவன் சிரிச்சான்.

இவர் சிரிக்கல, கையையும் எடுக்கல. "உன்னைத் திருடன்னு சொன்ன வாய்டா இது"ன்னு அவன் தோள்கிட்ட முணுமுணுத்தார்.

"விடுங்கண்ணே. அளவைச் சொல்லுங்க, அக்கா எழுதிக்கட்டும்."

டேப்பை முன்னால இழுத்து, ரெண்டு முனையையும் சேர்த்துப் புடிச்சுக்கிட்டு அதையே உத்துப் பார்த்தார். அளவு சொல்லல. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நின்னுச்சு.

"நீயே வந்து பாரு"ன்னார் என்கிட்ட. நான் போய்ப் படிச்சேன்.