மணவறையும் ஒரு வாளி நல்ல தண்ணீரும்

வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் மனிதர்கள் வாளியைத் தூக்குவார்கள். நானும் தூக்கினேன். மற்றவர்கள் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுவதற்காகத் தூக்குவார்கள். நான் மேலே குசினிக் குழாயில் நல்ல தண்ணீராகப் பிடித்து, படியிறங்கி, ஏற்கெனவே வெள்ளம் நின்ற பேஸ்மென்டுக்குள் கொண்டுபோய் ஊற்றினேன். ஒரு தடவை மட்டும் என்றால் கைதவறிவிட்டது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சாட்சி வீட்டிலேயே இருப்பதால் அதுவும் பலிக்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் மொன்றியலின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினோம். விற்றவர் ஆறு பக்கத்தில்தான் என்று பெருமையாகச் சொன்னார். எவ்வளவு பக்கம் என்பது பனி உருகும் மாதத்தில்தான் விளங்கியது. பேஸ்மென்ட் மூலையில் மூடி போட்ட ஒரு குழி. அதற்குள் ஒரு பம்ப் குந்தியிருக்கும். நிலத்தடித் தண்ணீர் குழிக்குள் ஊறி ஏறினால், பம்போடு கட்டிய மிதவையும் ஏறும். ஏறியதும் பம்ப் தானாக ஓடி, தண்ணீரை ஒரு குழாய் வழியே முற்றத்துக்குத் தள்ளிவிடும். இதை இன்று இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்று எனக்கு அந்தக் குழி, மூடியைத் தூக்கினால் குப்பை தள்ள வசதியான ஒரு ஓட்டை.

பேஸ்மென்டின் மிச்சம் முழுவதும் மனைவியின் மணவறை. சென்ட் லோரன்டில் தையல் தொழிற்சாலை வேலையை அந்தக் குளிர்காலத்தில்தான் விட்டிருந்தாள், கலியாணங்களுக்கு மணவறை சோடித்துக் கொடுப்பதை நம்பி. பலகைத் தூண்கள், சரிகை பிடித்த சிவப்புத் துணிகள், ஸ்டைரோபோமில் செதுக்கிய இரண்டு அன்னங்கள். ஞாயிறு காலை அவளுடைய முதல் பெரிய கலியாணம். அதில் ஏதும் பிழை வந்தால் மொன்றியலில் ஒருவரும் அவளை இரண்டாம் தரம் கூப்பிடமாட்டார்கள். ஒரு கலியாணத்தில் நடந்த கூத்து அடுத்த கலியாணத்துச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கப் போய்விடுகிற நகரம் இது.

சனிக்கிழமை காலை அவள் கீழே இறங்கியவள் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர். அன்னம் ஒன்று, செய்யப்பட்ட நாளிலிருந்து முதற்தடவையாக, நீந்திக்கொண்டிருந்தது. குழிக்குள்ளிருந்து “ம்ம்ம்” என்று ஒரு முனகல். பம்புக்கு மின்சாரம் வருகிறது, சத்தமும் வருகிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை. கூப்பிட்டால் “ம்” சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழும்பாத ஆண்களை எனக்குத் தெரியும். அதனால் அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பிளம்பருக்குப் போன் அடித்தேன். இந்தக் கிழமை ரொக்ஸ்பரோ முழுக்க இதே கதைதான் என்று பிரெஞ்சில் சிரித்துவிட்டு, “லன்டி” என்றார். திங்கட்கிழமை. திங்கட்கிழமை மாப்பிள்ளை பொம்பிளை மறுவீட்டுச் சாப்பாட்டில் இருப்பார்கள்.

“நீர் பயப்பிடாதையும்,” என்றேன் மனைவியிடம். “பம்ப் தண்ணியை உறிஞ்சுறேல்லை. எல்லாரும் அப்பிடித்தான் பிழையா நினைக்கினம். உள்ளுக்க சக்கரம் சுத்தித் தண்ணியை வீசேக்க, அந்த இடத்தில அமுக்கம் குறையும். வெளியில இருக்கிற காற்றுமண்டலம்தான் தண்ணியைத் தள்ளிவிடுது.”

அவள் ஒரு தூணைத் தோளில் சாத்திக்கொண்டு படியேறியபடி, “அப்ப காற்றுமண்டலத்துக்கு ஒருக்கா போன் பண்ணுங்கோ,” என்றாள்.

நான் அண்ணைக்குப் போன் பண்ணினேன். சொந்த அண்ணன் அல்ல. பக்கத்துத் தீவான இல்-பிசாரில் இருக்கும் மூத்த நண்பர். ஊரில் வெங்காயத் தோட்டத்துக்கு மெஷின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர். கதையைக் கேட்டதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

“மெஷினுக்குத் தண்ணி விட்டனீரோ?”

இந்தக் கேள்வி எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஓடுவது. ஊரில் மெஷின் கிணற்றுக்கு வெளியே இருக்கும். குழாய் மட்டும் உள்ளே இறங்கும். குழாயின் அடியில் இருக்கிற வால்வு கசிந்தால், உள்ளே நின்ற தண்ணீர் இறங்கிக் காற்று புகுந்துவிடும். மெஷின் காற்றைச் சுழற்றிக்கொண்டு வெறும் சத்தம் போடும். அப்போது மூடியைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் விட்டால் மறுபடி இழுக்கத் தொடங்கும். சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை, ஆகவே தண்ணீர் விடு.

“விடேல்லை அண்ணை,” என்றேன் வெட்கத்தோடு.

“விடும். நல்ல தண்ணியா விடும். ஊத்தைத் தண்ணி மெஷினுக்குக் கூடாது. நான் வாறன்.”

அப்படித்தான் நான் முதல் வாளியோடு இறங்கினேன். விடுவதற்கு வாய் ஒன்றும் தெரியாததால் குத்துமதிப்பாக பம்பின் தலையில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் சப்பாத்தோடு அண்ணை வந்து சேர்ந்தார். வந்தவர் என் ஊற்றலில் குறை கண்டார்.

“இப்பிடிச் சளார் எண்டு விட்டா காத்துப் போகாது, தம்பி. நூல் மாதிரி விடவேணும்.”

நான் குசினியில் பிடித்துக் கொடுக்க, அவர் நூல் மாதிரி விட்டார். அடுத்த அன்னமும் நீந்தத் தொடங்கியது.

கடைசித் தூணை எடுக்க இறங்கிய மனைவி படியிலேயே நின்றாள்.

“இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள் ரெண்டு பேரும்?”

“காத்து எடுக்கிறம் பிள்ளை,” என்றார் அண்ணை.

“தண்ணிக்குள்ள தாண்டு கிடக்கிற மெஷினுக்கு என்னத்துக்கு அண்ணை தண்ணி?”

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை வாளியைப் பார்த்தார். புத்தகத்தில் இது எனக்குத் தெரியும். மூழ்கிக் கிடக்கும் பம்ப் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஊற்றி நிரப்ப அதில் ஒன்றுமில்லை. தெரிந்த விஷயம் தேவையான நேரத்தில் மேல்மாடியிலேயே தங்கிவிட்டது.

அவள் மெயின் சுவிட்சை நிறுத்தி பிளக்கைக் கழற்றினாள். பம்பைக் கைப்பிடியால் தூக்கி வெளியே எடுத்து, மணவறை பூட்டுகிற திருப்புளியாலேயே அடித்தகட்டைக் கழற்றினாள். உள்ளே சக்கரத்தைச் சுற்றி, கறுத்துப்போய், முழ நீளத்துக்கு ஒரு சரிகைக் கரை இறுகியிருந்தது. அவள் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. இரண்டு கிழமைக்கு முன், அவள் தைத்து முடித்ததும் நிலத்தை நான் கூட்டித் தருகிறேன் என்று பெருந்தன்மையோடு முன்வந்து, வெட்டுத் துண்டுகளை எங்கே தள்ளினேன் என்பது அந்த நேரம் எனக்கு நன்றாக நினைவுக்கு வந்தது. அவள் சரிகையை என் கையில் தந்துவிட்டு பம்பைப் பூட்டிக் குழிக்குள் இறக்கினாள்.

பிளக்கைக் கொடுத்ததும் முனகல் போய், கணீரென்று ஒரு சத்தம். முற்றத்துப் பனியில் தண்ணீர் பீச்சியடித்தது. அண்ணை, “பாத்தீரோ, காத்து வெளிக்கிட்டுது,” என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் கட்சியில் அப்போது இரண்டு பேர்தான்.

தூண்களின் அடி ஊறி உப்பியிருந்தது. அவள் பின்னேரம் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் இருந்து, தூண்களுக்குக் கணுக்கால் மறைய ஒரு கொசுவம் தைத்தாள். ஊத்தை பிடித்த அன்னம் சுவர்ப்பக்கம் முகம் திரும்பியது. ஞாயிறு காலை மண்டபத்தில் அந்தக் கொசுவத்தைத்தான் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டு மேசையில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அவளிடம் திகதி கேட்டார்கள்.

எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பொம்பிளையின் தகப்பனாரைப் பிடித்து நிறுத்தி, மிதவை, சக்கரம், அமுக்கம், காற்றுமண்டலம் என்று பம்பின் தத்துவம் முழுவதும் விளக்கினேன். மனிதர் சோற்றுத் தட்டோடு உருகிப்போய் நின்றார்.

“எங்கட வீட்டுப் பம்பும் ரெண்டு நாளா முனகுது, தங்கச்சி,” என்று என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “இவரை ஒருக்கா அனுப்பிவிடுறியளோ?”

“ஓம் அண்ணை, இவர் வருவார்,” என்றாள் அவள். “வாறதுக்கு முந்தி வீட்டில இருக்கிற வாளியளை மட்டும் ஒளிச்சு வையுங்கோ.”