ஆடாத திரை

தேவகுமாரி கடையைத் திறந்ததும் விளக்கைப் போடுவதில்லை. நேராக மேசைக்குப் போய் மானிட்டரின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதைப் போல. சில்லென்று இருந்தால் வாசலில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து, "செத்த நேரம் உக்காருங்க. பனி விலகட்டும், அப்பறம் எழுப்பிக்கலாம்" என்கிறார்.

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு மேலே ஒற்றை அறை. கல்யாணப் பத்திரிகை, கோயில் பாட்டுத்தாள், எஸ்டேட் அறிவிப்பு எல்லாம் இங்கே கணினியில் எழுத்தாகின்றன. தேவகுமாரி முன்பு நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆபீசில், கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லச்சொல்ல டைப் அடித்தவர். அந்தப் பழக்கத்தால் இன்றும் அடிக்கும்போது வாய்விட்டுப் படிக்கிறார். படித்ததைப் பற்றிக் கருத்தும் சொல்கிறார். என் கட்டுரை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "ஏனுங்க சார், இந்த வாக்கியம் எங்கீங்க முடியுது? நானும் ஒரு முழுப் பக்கமா தேடிட்டே வாரேன்" என்றார். அந்த வாக்கியத்தை அங்கேயே மூன்றாக வெட்டினேன். அது இப்போதுதான் எனக்கே புரிகிறது.

இந்த மலையில் ஈரம் புகாத இடமில்லை. செருப்பிலும் கம்பளியிலும் பூஞ்சை பிடிக்கும். அதனால் வீடுகளில் துணி அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிடுவது வழக்கம். தேவகுமாரி ஃப்ளாப்பி வைக்கும் அலமாரியிலும் ஒன்று எரிகிறது. ஈரமென்றால் சூடு காட்ட வேண்டும். இங்கே யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை.

அவருடைய பழைய திரை சிறியது. பொடி எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும். பெரிதாக்கிப் பார்த்து, திருத்தி, மறுபடி சிறிதாக்குவார். மாலையானால் கண்ணில் நீர் வழியும், தலை வெடிக்கும். கண்ணாடியால் இதற்கு மேல் ஆகாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். தெளிவான திரை ஒன்றை வாங்கிப் பார்க்கலாம். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்.

சேலம் கடையில் அவருக்கு ஒரு திரையில் பஞ்சவர்ணக் கிளியின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். "கிளி நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நான் கிளிக்கா பத்திரிக அடிக்கப் போறேன்?" தமிழ் எழுத்துருவையும், அப்போது அடித்துக்கொண்டிருந்த கோயில் பாட்டுப் புத்தகத்தின் பக்கம் ஒன்றையும் ஃப்ளாப்பியில் கொண்டுபோயிருந்தார். கடையில் இருந்த ஒவ்வொரு மானிட்டரிலும் அந்தப் பக்கத்தைப் பொடி எழுத்தில் போடச்சொல்லி, நடுவை விட்டுவிட்டு நான்கு மூலைகளை மட்டும் பார்த்தார். "நடுவுல எல்லாமே யோக்கியமாத்தான் இருக்குமுங்க. மூலையிலதான் அதுங்க புத்தி தெரியும்." ஒன்றில் மட்டும் மூலையிலும் புள்ளிகள் கடுகுபோல் தனித்தனியாக நின்றன. பதினேழு அங்குலம். அதையே வாங்கினார். ஒத்துவராவிட்டால் மாதம் முடிவதற்குள் கொண்டுவரலாம், சிறியது ஒன்றைத் தருகிறோம், இந்த அளவில் வேறு கிடையாது என்றார் கடைக்காரர்.

மலைக்கு வந்ததும் திரை நடுங்கியது. எழுத்துகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவைபோல் நெளிந்தன. தேவகுமாரி கேபிளை இறுக்கினார், பிளக்கை மாற்றினார், திரையின் ரெசல்யூஷனைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தார். மானிட்டரைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்கே இறக்கினார். அங்கே அது அசையவில்லை. "உங்க ஊர் ஈரம்தாங்க காரணம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஈரம்தான் என்றால் வைத்தியம் தெரியும். கரண்டு ஏறி இறங்கும் ஊர் என்பதால் அதைச் சீராக்கக் கடையில் ஒரு ஸ்டெபிலைசர் உண்டு. எப்போதும் வெதுவெதுப்பாக, முனகிக்கொண்டே இருக்கும் இரும்புப் பெட்டி. அந்தச் சூட்டுக்காக முதல் நாளே அதை மானிட்டரின் பக்கத்தில் வைத்திருந்தார். இப்போது முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தார். நடுக்கம் கூடியது. "இன்னும் ஈரம் போகலீங்க" என்று சுற்றிலும் துணியை வேறு அண்டக்கொடுத்தார். கடைசியில் அவருக்கே மனம் விட்டுப்போனது.

கெடு முடிவதற்கு முந்தைய சனிக்கிழமை, மானிட்டரை பஸ்ஸில் ஏற்ற ஒரு கை பிடிக்கலாம் என்று போயிருந்தேன். கம்பளியும் கயிறும் தயாராக இருந்தன. பாட்டுப் புத்தகத்தில் மிச்சமிருந்த ஒரு பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். "திங்கக்கெழம ரைட்டரப் போய்ப் பாக்கோணுமுங்க. எஸ்டேட்டுல எம் பழைய நாற்காலி காலியா இருந்தாக் குடுப்பாரு" என்றார், திரும்பாமல்.

பக்கத்தில் ஸ்டூலில் வெள்ளையம்மாள். தலைச்சோலை கிராமத்திலிருந்து வந்து இங்கே பத்திரிகை மடித்து உறை ஒட்டுபவர். அன்று மழையில் நனைந்து வந்திருந்தார்.

"ஏங்கண்ணு, அந்த டப்பாவுக்கு எதுக்கு இத்தன ஒபசாரம்? இன்னிக்குக் கடைக்கே திரும்பிப் போற சாமான்தான? எங்காலு வெறச்சுக் கெடக்குது, அந்தச் சூட்டுப் பொட்டிய இங்க குடு."

"எடுத்துக்கங்கக்கா. ஒயரப் புடுங்கீராதீங்க."

வெள்ளையம்மாள் ஸ்டெபிலைசரை ஒயரோடு இறக்கித் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்து, இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். "அப்பாடி. நொம்ப சுகமா இருக்குது."

தேவகுமாரியின் வாசிப்பு நின்றது. திரையில் எழுத்துகள் அசையாமல் நின்றன.

"அக்கா, அதத் திரும்ப மேல வைங்க."

"குடுத்ததத் திருப்பி வாங்கிக்கற புத்தி எப்பக் கண்ணு வந்துச்சு?"

"ஒரு வாட்டிதானுங்க்கா."

மேலே வைத்தார், நெளிந்தது. கீழே இறக்கினார்; நின்றது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காந்தம்தான் பக்கத்துத் திரையை இழுத்து ஆட்டியிருக்கிறது. தேவகுமாரி சூடு காட்டக் காட்ட, அந்தக் காந்தமே திரையை நெருங்கி வந்திருக்கிறது. நான் அதைச் சொன்னபோது அவர் தலையசைத்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மூலைக்கு மூலை புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

நான் எளிதில் பாராட்டுபவனல்ல. நன்றி என்பதையும் பெரும்பாலும் ஒரு கருத்தாகவே யோசித்திருக்கிறேன். வெள்ளையம்மாளுக்கோ என்ன நடந்தது என்பதே தெரியாது. "இனி இத நான் தர மாட்டேன், பாத்துக்க" என்று பாதங்களை இன்னும் அழுத்திக்கொண்டார்.

தேவகுமாரி எழுந்தார். மானிட்டரைச் சுற்றக் கொண்டுவந்த கம்பளியை நான்காக மடித்தார். வெள்ளையம்மாளைக் கொஞ்சம் எழச்சொல்லி, அதை அவருடைய ஸ்டூலின்மேல் மெத்தென்று விரித்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார்.