ஐஸ் பெட்டிக்குள் ஒரு சால்வை

மார்ச்சில் மணாலி போவதாகத் திட்டம். குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் கையால் பூவேலை செய்த கம்பளிச் சால்வையை எடுத்துப் பார்த்தபோது, "இதெல்லாம் மரக்காணம் பக்கம் தைக்கிறாங்க" என்றார் கடைக்காரர். ஃபேனுக்கும் அடங்காமல் வேர்க்கிற ஊரில் சால்வையா? சிரிப்பு வந்தது. ஆனாலும் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டேன்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். உப்பளங்கள் தாண்டியதும் இறங்கி ஆட்டோ பிடித்தேன், நூற்றைம்பது ரூபாய். "சால்வையா? இங்க வந்து உப்பு கேக்குறவங்களத்தான் பாத்திருக்கேன் மேடம்" என்று கிண்டலடித்த டிரைவர், கடலோரக் குப்பத்து மாதா கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டார்.

கோயிலை ஒட்டிய ஹாலில் ஆறு பெண்கள். வடக்கிலிருந்து வரும் வெறும் சால்வையில் பூவேலை போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். உப்புக் காற்றில் ஊசி ஒரே ராத்திரியில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றிவிடுமாம். அதனால் வேலையை நிறுத்தியதும் ஊசியை மெழுகுவர்த்தித் துண்டில் குத்தி வைக்கிறார்கள். மாதாவுக்கு ஏற்றி மிஞ்சிய துண்டுகள்தான். வேர்க்கும் விரல்களுக்கு முகப் பவுடர்.

மணாலிக்கு என்று சொல்லி, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை ஆயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கினேன். ஆனால் என் கண் முழுக்க ஸ்டெல்லா என்பவரின் மடியில் இருந்த நீலச் சால்வை மேல்தான். ஓரமெல்லாம் நண்டுகள்! அது விற்பனைக்கில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் ரீனாவுக்கு, நர்ஸ் வேலைக்கு மறுநாள் ஜெர்மனி போகிறாள்.

"பனி ஊருக்கெல்லாம் போறீங்களே மேடம், இது தாங்குமா?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"ஒத்தச் சால்வை எப்படிங்க தாங்கும்?" வாய் சும்மா இருந்தால்தானே.

அவர் முகம் வாடிவிட்டது. எழுந்து வெளியே போனார். வாசலில் அவர் வீட்டுக்காரரின் மீன் ஐஸ் பெட்டி இருந்தது. கையில் சால்வையைச் சுற்றி, மேலே ஒரு பாலித்தீன் பையை மாட்டி, முழங்கை வரை ஐஸுக்குள் விட்டுவிட்டார். பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்துத்தான் வெளியே எடுத்தார்.

"குளிரு உள்ள வந்துடுச்சி."

"அம்மா, அங்க ஹீட்டர் இருக்குது" என்றாள் ரீனா.

"ரோட்டுல நடந்து போறப்ப ஹீட்டரு கூடவே வருமாடி?"

எல்லார் பார்வையும் என் கையில் இருந்த சால்வை மேல் விழுந்தது. கொடுத்துவிட்டேன், வேறென்ன செய்வது? அதை உள்பக்கமாக வைத்து, ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து, மாலைக்குள் இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டார்கள்.

மறுபடி ஐஸ் பெட்டி, மறுபடி ஜெபம். "இப்ப குளிரவே இல்லடி" என்றார் ஸ்டெல்லா. ஆனால் நான் நீட்டிய டீ கிளாஸைப் பிடிக்க அவர் விரல்கள் மடங்கவில்லை. ரீனா அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, "ஆமாம்மா, சூடாத்தான் இருக்குது" என்றாள்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை பூசை, ஹால் பூட்டியிருக்கும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். திரும்பிவர ஆட்டோ கிடைக்காது, வந்ததையே காத்திருக்கச் சொல்லுங்கள். எனக்கு வேறு சால்வை அடுத்த மாதக் கடைசியில் வருமாம், மணாலிக்குப் பழைய ஸ்வெட்டர்தான். நீங்கள் தாராளமாக வாங்கலாம், அவ்வளவு நல்ல வேலை. குளிர் தாங்குமா என்று அவர்கள் கேட்டால் மட்டும், யோசிக்காமல் தாங்கும் என்று சொல்லிவிடுங்கள்.