அரைக் கட்டை கீழே

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்தது முற்றிலும் விதிமுறைப்படி. யாரும் வந்து கேட்காத சரக்கைத் துறைமுகக் கிடங்கில் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து, அறிவிப்பு ஒட்டி, பிறகு ஏலம் விடுவார்கள். அந்தக் கிடங்கில் எழுத்தராக இருந்த அப்பா தன் பெயரில் ஏலம் கேட்கக் கூடாது. ஆகவே மாமாவை அனுப்பிக் கேட்கவைத்தார். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அது உட்பட்டதல்ல.

கடலை ஒட்டிய கிடங்கில் இரண்டு மழைக்காலம் கிடந்த பியானோ அது. சுருதி சேர்க்க டோல்கேட் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆர்மோனியமும் மாதா கோயில் ஆர்கனும் பழுது பார்ப்பவர். முன்பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினார்.

“கம்பியெல்லாம் துருப்புடிச்சிக் கீது நைனா. சரியான சுதிக்கு இழுத்தா அறுந்துபூடும். அல்லாத்தையும் அரைக் கட்டை கீழ எறக்கி வெச்சிட்றேன். வூட்ல வாசிக்க சொல்ல ஒண்ணும் தெரியாது.”

அதாவது ‘சி’ என்ற கட்டையை அழுத்தினால் அதற்கு முந்தைய கட்டைக்கு உரிய ஒலி வரும். எல்லாக் கட்டைகளும் சேர்ந்தே இறங்கியிருப்பதால் பாட்டு பாட்டாகவே இருக்கும். கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். பாப்பா வெளியில் போய் வாசிக்கிற நாள் வந்தால் அதற்குள் கம்பியை மாற்றிவிட வேண்டும், காது இதற்கே பழகிவிட்டால் பேஜாராகிவிடும் என்றார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அலுவலகங்களில் அந்தப் பெயரில் ஒரு அலமாரியே உண்டு.

எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்தில் நின்று பொரிகடலை தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். எதுவும் விளங்கவில்லை.

இரண்டு தெரு தள்ளியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண் எனக்கு டீச்சராக அமைந்தார். பகலில் தட்டச்சு வேலை, மாலையில் வாரம் மூன்று நாள் எங்கள் வீடு. ஆஸ்திரேலியா போவதற்கான காகிதங்கள் வருமென்று அவர்கள் வீடே காத்துக்கொண்டிருந்தது. பியானோ அரைக் கட்டை இறங்கியிருப்பதை அப்பா அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் பெரும்பாலோர் காதுக்கு அதுவே போதும்.

என் காதுக்குப் போதவில்லை. ஆறே மாதத்தில் எந்த ஒலியைக் கேட்டாலும் அதன் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மாமா இதை ஒரு வித்தையாகவே ஆக்கினார். விருந்தாளி வந்தால் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, டம்ளரில் கரண்டியால் தட்டுவார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் ‘ஜி’ என்பேன். பியானோவில் அழுத்திப் பார்த்தால் ஜி. எல்லோரும் கைதட்டுவார்கள். கோயில் ஆர்கன் எப்போதும் தப்பாகவே பேசுகிறது என்று நான் முகம் சுளித்தபோது அதைப் பங்குச் சாமியார்வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோயில் ஆர்கன் தப்பு, ஏலத்தில் எடுத்த எங்கள் பியானோ மட்டும் சரி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாசிப்பு வளர்ந்தது. ஒன்பது வயதில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று மறந்து தனித்தனியே ஓடக் கற்றன. பதினோரு வயதில் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டுக் கட்டைகள் அடங்கின. அந்த நாளில் டீச்சர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். பன்னிரண்டு முடிந்ததும் அந்தப் பெரிய பாடத்தைக் கொடுத்தார். ஐரோப்பாவில் எவரோ விரல்களைப் பழிவாங்குவதற்கென்றே எழுதியது போலிருக்கும். வலக்கை நிற்காமல் நீர்வீழ்ச்சியாகக் கொட்ட வேண்டும். இடக்கை மூன்று கட்டையைப் பிடித்துவிட்டு, அந்த வேகத்திலேயே வாத்தியத்தின் கோடிக்குத் தாவி, பார்க்காமல் இன்னொன்றில் இறங்க வேண்டும். தாவும் கைக்குக் கண் கிடையாது. காதுதான் அதற்குக் கண்.

பள்ளிக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பள்ளி விட்டு மூன்று மணி நேரம். எட்டு மாதம். வாசலில் கூடை இறக்கும் மீன்காரம்மாவுக்கே பாடம் மனப்பாடமாகிவிட்டது.

“நேத்து அந்த எடத்துல நொண்டிச்சே, இன்னிக்கு ஓடுதும்மா,” என்று அம்மாவிடம் சொன்னார். “மின்ன எல்லாம் சட்டிபானை உருள்ற மாதிரி இருந்துச்சி.”

லண்டனிலிருந்து தேர்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, நகரின் தென்கோடியில் ஒரு மண்டபத்தில் அமர்வார். கடைசி நிலையில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கினால் லண்டனிலேயே ஒரு கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைக்க வழியுண்டு. டீச்சர் எனக்காக எழுதிக் கேட்டு, ஆமாம் என்று பதிலும் வாங்கியிருந்தார். அவருடைய கப்பல் அடுத்த மாதம். ஆக ஒரே ஒரு வாய்ப்பு. கீழ்நிலைத் தேர்வுகளை எழுதாமல் நேராகக் கடைசித் தேர்வுக்கே போகலாம் என்று விதிப் புத்தகத்தில் கண்டுபிடித்தவர் அப்பா. அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கு அளவற்ற பெருமை. அதனால் பதிமூன்று வயதுவரை எங்கள் வீட்டுப் பியானோவைத் தவிர வேறொன்றை நான் தொட்டதே இல்லை.

தேர்வு அறைக்குள் தேர்வாளரும் நானும் மட்டும். முதலில் எளிய ஸ்வர வரிசை ஒன்றைக் கேட்டார். ‘சி’ மேல் விரல் வைத்தேன். பக்கத்துக் கட்டையின் ஒலி வந்தது. தப்பாக வைத்துவிட்டேன் என்று கையைக் கீழே நகர்த்தி வாசித்தேன். நான் கேட்டது அதுவல்ல குழந்தாய் என்று அவர் கனிவோடுதான் சொன்னார்.

பிறகு பெரிய பாடம். முதல் இரண்டு வரிகளைக் கைகள் பழக்கத்தில் ஓட்டின. என் கண் ஒன்றைச் சொல்கிறது, காது வேறொன்றைச் சொல்கிறது. என் காதுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஆறு வருடமாக எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். முதல் தாவலில் இடக்கை காதை நம்பி அரைக் கட்டை கீழே போய் விழுந்தது. வலக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன். அதே இடம். மூன்றாம் முறை முதல் வரியே நான் கேட்டிராத ஒன்று போலிருந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு அவர் எழுதத் தொடங்கினார்.

வெளியே கதவருகில் நின்று டீச்சர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் வந்து ராயபுரத்தில் இறங்கிய பிறகுதான், “நேத்துகூட நல்லா வாசிச்சே மேன். பயந்துட்டியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் உடைகூட மாற்றாமல் பியானோ முன் உட்கார்ந்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, எல்லாத் தாவல்களும், ஒரு பிசிறு இல்லாமல் வந்தன. அதைவிட நன்றாக நான் எப்போதும் வாசித்ததில்லை.

“இத்த அங்க வாசிச்சிருக்கக் கூடாதா?” என்று அம்மா அழுதாள்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். “அங்க இன்னா ஆச்சு பாப்பா?”

“அந்தப் பியானோல எல்லாமே மேல இருந்துச்சுப்பா. நான் ஒண்ண அமுக்குனா அது வேற ஒண்ணு சொல்லுது.”

“எவ்ளோ மேல?”

“பக்கத்துக் கட்டை.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பியானோவைப் பார்த்தார். பிறகு ஒரு முழுத்தாளை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து தேர்வு அலுவலகத்துக்கு மனு எழுதத் தொடங்கினார். தேர்வு நாளன்று மாணவிக்குக் கடும் காய்ச்சல், மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது, மறுதேர்வுக்கு ஆவன செய்ய வேண்டுகிறேன். எனக்குக் காய்ச்சல் இல்லையே அப்பா என்றேன்.

“காய்ச்சல்னாதான் ஒத்துக்குவாங்க,” என்றார் தலை நிமிராமல். “பியானோ கதையெல்லாம் டீச்சர்கிட்ட சொல்லிகினு இருக்காத. சாக்கு சொல்றேன்னு நெனைப்பாங்க.”

நான் சொல்லவில்லை. தேர்வாளர் இன்னும் நான்கு நாட்கள் ஊரில்தான் இருந்தார். டீச்சர் காதில் ஒரு வார்த்தை விழுந்திருந்தால் அவர் ஓடிப்போய் அந்த மனிதரின் முன்னால் நின்றிருப்பார். மனு மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. மருத்துவச் சான்றைத் தேர்வுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்ற விதியைக் குறிப்பிட்டிருந்தார்கள். விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்த அப்பாவுக்கு அந்த வரி மட்டும் கண்ணில் படாமல் போயிருக்காது. டீச்சர், கடைசி நேரத்தில் பயந்துபோன ஒரு மாணவியின் நினைவோடு கப்பலேறினார். நான் பத்தாம் வகுப்பு, பட்டம், அரசுத் தேர்வு என்று முறைப்படி மேலே போனேன். எந்தப் பியானோவையும் பிறகு தொடவில்லை. அந்தத் தாளில் காய்ச்சல் என்ற சொல் யாருடைய தவற்றை மறைக்க எழுதப்பட்டது என்பதை, பிறர் எழுதிய மனுக்களைப் படித்துச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

அன்று மாலை அது தெரியாது. ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதாத அப்பா என் பொருட்டு முதன்முதலாகப் பொய் எழுதுகிறார் என்றுதான் நினைத்தேன். கடற்காற்றில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. அவர் தடையில்லாமல் எழுதட்டுமென்று, இரண்டு கைகளையும் விரித்து அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.